போத்தலுக்குக் கட்டம் இல்லை

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பல வருடம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் சொல்லவில்லை, அதனால் நானே சொல்ல வேண்டியிருந்தது. கெமாஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் கிராணி, கணக்கு எழுதுகிறவள். பேர் பதிவு, லீவு, விபத்து, வீட்டுச் சாவி, வேலிக்குள் வந்து செத்த மாடு என்று எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. எல்லாப் படிவமும் என் மேசை வழியாகத்தான் போகும்.

எனக்கு ஒரே ஒரு கொள்கை. எந்த இடத்தையும் காலியாக விடக் கூடாது. விட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். "மேடம், பதினேழாவது கேள்விக்குப் பதில் காணோமே?" என்று ஒரு பெண் தேன் ஒழுகக் கேட்பாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறும். ஒவ்வொரு படிவத்துக்கும் அடியில் "வேறு குறிப்புகள்" என்று ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். அதில் நான் யோசிக்காமல் "தியாடா" என்று எழுதிவிடுவேன். மலாயில் 'இல்லை' என்று அர்த்தம். முப்பது வருடப் பழக்கம், கை தானாகவே எழுதும்.

இப்போது சொல்லப் போவது மூன்றாம் பிரிவின் அறுவடைக் கேங்கைப் பற்றி. ஆறு பேர். இந்தோனேசியாவின் லோம்போக் தீவிலிருந்து வந்தவர்கள் மூவர், ஒரு வங்காளதேசி, தமிழர் இருவர். கேங்கை வேலை வாங்க ஒரு மண்டோர் இருந்தார். அவர் ரிட்டயராகி மகனோடு கிள்ளானுக்குப் போய் எட்டு மாதம் ஆகியும் புது மண்டோர் போடவில்லை. ஆனால் எட்டு மாதமாக ஒரு குலை கூட மரத்தில் அழுகவில்லை. இது எப்படி என்று ஆபீசில் யாரும் கேட்கவில்லை. ஒழுங்காக நடக்கிற வேலையைப் பற்றி ஆபீசில் யார் கேட்டார்கள்?

எனக்குத் தெரியும். கேங்கில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மரத்தடியில் சிந்திக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்குவது அவர் வேலை. குலை பழுத்துவிட்டது என்பது முதலில் தரையில்தான் தெரியும். அண்ணாந்து பார்க்கிற ஆம்பிளைகளுக்குத் தெரிவதற்கு முன்பே, நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அவர் எல்லாருக்கும் முன்னால் செம்பனைக் காட்டுக்குள் போவார். கையில் ஐந்து லிட்டர் பிடிக்கிற ஒரு ஆரஞ்சு நிறப் போத்தல். அது நிறையத் தேத்தண்ணி, கேங்குக்கே அவர் போட்டுக் கொண்டுவருவது. நாலைந்து நிரை நடந்து பார்த்துவிட்டு ஒரு நிரையின் முனையில் போத்தலை வைப்பார். அன்றைக்கு வேலை அங்கேதான். மத்தியானம் போத்தலைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் கேங்கும் தூக்கிக்கொண்டு போகும்.

யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. சொன்னாலும் எந்த மொழியில் சொல்வது? ஒருநாள் நான் குலைக் கணக்கு எடுக்கப் போனபோது லோம்போக்காரர் ஒருவரிடம், இன்றைக்கு எந்தப் பக்கம் வெட்டு என்று மலாயில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "போத்தோல் சானா, காக்," என்றார். போத்தல் அங்கே இருக்கிறது, அக்கா. இதைக் கூடவா கேட்பார்கள் என்கிற தோரணை. நான் திரும்பி வந்தேன்.

இன்னொரு தமிழர் நாற்பதைத் தாண்டிய ஒரு அண்ணன். கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பவர், அதனால் மனசுக்குள் அவரை மைக் அண்ணன் என்றே கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை. கை கொடுக்கக் கூப்பிட்டால் முதலில் வருவார். ஆனால் வாய் ஓயாது. லோம்போக்காரர் அரிவாள் கட்டிய கம்பைத் தூக்கிக் குலையின் காம்பில் வைத்த பிறகு, "வெட்டு, வெட்டு!" என்று கத்துவார். குலை விழுந்ததும், "விழுந்திருச்சு!" என்று சொல்வார். விழுந்தது எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர் சொன்னதால்தான் விழுந்தது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அந்த அக்காவுக்கு மண்டோர் வேலை ஒரு கௌரவம் இல்லை, வீடு. அவர்கள் குடியிருந்த தோட்டத்து வீடு டிராக்டர் ஓட்டுகிற அவர் கணவரின் பேரில் இருந்தது. கணவர் வருடக் கடைசியில் ரிட்டயராகப் போகிறார். அக்காவோ குத்தகைக்காரருக்குக் கீழே தினக்கூலி, தோட்டத்துப் பேரேட்டிலேயே இல்லை. மண்டோர் ஆகிவிட்டால் அவர் பேரில் வீடு தங்கும். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். போக்கிடம் ராசா டவுனில் மகள் இருக்கும் வீடு. கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும், மற்றதில் மருமகனின் அப்பா அம்மா. இதில் இவர்கள் இருவரும் எங்கே படுப்பார்கள் என்று அக்கா என்னிடம் ஒருமுறை கேட்டார். அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் வந்தார். தமிழர்தான், சின்ன வயது, என்னை "ஆன்ட்டி" என்பார். எனக்குப் பிடிக்காது, ஆனால் மேனேஜர் கூப்பிட்டால் ஆன்ட்டியாகத்தான் இருக்க வேண்டும். மண்டோரை ஆள் பார்த்துப் போடுவது பழைய காலமாம். குழுவில் யார் எப்படிப் பேசுகிறார், யார் தலைவராக நடந்துகொள்கிறார் என்பதை அறிவியல் முறையில் கவனித்துத்தான் போட வேண்டுமாம். கோலாலம்பூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். வெளிநாட்டுக்காரர்களை மண்டோராகப் போட விதியில் இடமில்லை. ஆக, ஆறு பேரைக் கவனித்து இரண்டு பேரில் ஒருவரை எடுப்பதாக ஏற்பாடு.

பயிற்சியாளருக்கு எங்கள் கேங் தமிழும் மலாயும் கலந்து பேசுகிற பேச்சு பாதிக்குமேல் விளங்கவில்லை. அதனால் கவனித்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நீளமான ஒரு தாள் கொடுத்தார். இடப்பக்கம் ஆறு பேரின் பெயர். மேலே வரிசையாகக் கட்டங்கள்: கட்டளை இடுகிறார், யோசனை சொல்கிறார், கேள்வி கேட்கிறார், மற்றவரை உற்சாகப்படுத்துகிறார். ஒருவர் வாய் திறக்கும்போதெல்லாம் உரிய கட்டத்தில் ஒரு கோடு. "மேடம், நீங்க நினைக்கிறத எழுதாதீங்க. பாக்கிறத மட்டும் எழுதுங்க," என்றார். என்னிடம் இதைச் சொல்ல வேண்டுமா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் தாள் அழகாக இருந்தது. கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. உண்மையைச் சொன்னால் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று சாயந்திரம் அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நாளைக்கி நீங்கதான் எழுதப் போறீங்களாமே, கிராணியம்மா?"

"ஆமாக்கா."

"பாத்து எழுதுங்க லா. எங்க வீட்டு வெசயம் ஒங்களுக்குத் தெரியும்."

ரஹாங்கில் ஞாயிறு தவறாமல் வேதபாட வகுப்புக்குப் போய் வளர்ந்தவள் நான். எனக்குச் சுருக்கென்றது. சிபாரிசு கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நான் யாருக்காகவும் கூட்டி எழுத மாட்டேன்கா, குறைச்சும் எழுத மாட்டேன். கண்ணால பாக்கிறத அப்படியே எழுதுவேன்."

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. "அது போதும் கிராணியம்மா. நீங்க பாக்கிறத எழுதுனாவே எனக்குப் போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை, மண்டபத்துக்குப் பக்கத்துப் பந்துத் திடலில் ஆறு பேரையும் நிறுத்தினார்கள். ஒரு கான்வாஸ், ஆறு கம்பு, ஒரு சுருள் கயிறு. இருபது நிமிடத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு கூடாரம் போட வேண்டும். பயிற்சியாளர் விசில் ஊதினார். நான் நாற்காலியில் தாளோடு உட்கார்ந்தேன். பேனா இரண்டு, ஒன்று தீர்ந்தால் இன்னொன்று.

மைக் அண்ணன் உடனே தொடங்கிவிட்டார். "எல்லாரும் கேளுங்க! நாம ஒரு டீமு! ஒத்துமையா செய்யணும்!" உற்சாகப்படுத்துகிறார், ஒரு கோடு. "கம்ப எடு!" கட்டளை, ஒரு கோடு. "கம்ப கீழ வை, மொதல்ல பிளான் பண்ணுவோம்!" கட்டளை ஒன்று, யோசனை ஒன்று. அடேங்கப்பா, என் கைக்கு வேலை சரியாக இருந்தது. லோம்போக்காரர்கள் கம்பை எடுத்தார்கள், வைத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். வங்காளதேசி கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா இந்தப் பேச்சு எதையும் காதில் வாங்கவில்லை. வழக்கம் போல போத்தலைக் கொண்டுவந்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு திடலில் தலை குனிந்து நடந்தார். கோல்கம்பத்துப் பக்கம் போய்ப் புல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார், தண்ணீர் கசிந்தது. திரும்பினார். ரம்புத்தான் மரத்தடியில் நின்று கிளையை அண்ணாந்து பார்த்தார், நகர்ந்தார். கடைசியில் திடலின் மேட்டுப் பக்கம், கொஞ்சம் சரிவான ஓர் இடத்தில் போத்தலை வைத்தார்.

லோம்போக்காரர்கள் மூவரும் கம்பைத் தூக்கிக்கொண்டு அங்கே நடந்தார்கள். வங்காளதேசி எழுந்து கயிற்றோடு போனார். போத்தலை நடுவில் விட்டுச் சுற்றிக் கம்பு நட்டார்கள். கடைசியாக மைக் அண்ணனும் ஓடிவந்து, "இங்க! இங்கதான்! இங்க நடுங்க!" என்றார். மூன்று கட்டளை, மூன்று கோடு.

இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. பேனாவை அக்காவின் பெயருக்கு நேராகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு எந்தக் கட்டத்தில் போடுவது என்று தேடினேன். கட்டளையா? வாய் திறக்கவில்லையே. யோசனையா? சொல்லவில்லையே. போத்தல் வைத்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. அதற்குள் மைக் அண்ணன் இன்னும் நாலு தடவை பேசிவிட்டார், நான் அவர் பக்கம் போக வேண்டியதாயிற்று.

அந்த இருபது நிமிடத்தில் அக்கா பேசியது இரண்டே தடவை. ஒருமுறை மைக் அண்ணனிடம், "பின்னால கம்பு நீட்டிக்கிட்டு இருக்கு, பாத்துப்பா." இதை யோசனையில் போட்டேன். எல்லாம் முடிந்து தேத்தண்ணி ஊற்றும்போது, "சீனி பத்துமா?" கேள்வி கேட்கிறார், ஒரு கோடு. மைக் அண்ணனுக்கு நாற்பத்தொன்று. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். என் கணக்கு தப்பாது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பதினொரு மணிக்கு உண்மையாகவே மழை வந்தது. பேய் மழை. கோல்கம்பத்துப் பக்கம் குளமாகிவிட்டது. ரம்புத்தான் மரத்திலிருந்து ஒரு காய்ந்த கிளை முறிந்து விழுந்தது. மேனேஜரும் பயிற்சியாளரும் நானும் அந்தக் கூடாரத்துக்குள்தான் ஓடி ஒதுங்கினோம். தண்ணீர் இரண்டு பக்கமும் சரிந்து ஓடியது, எங்கள் செருப்பு கூட நனையவில்லை. பயிற்சியாளர் மைக் அண்ணனின் தோளைத் தட்டி, "எக்ஸலண்ட்! இடத்தைத் தேர்ந்தெடுத்த விதம் இருக்கே, அதுதான் லீடர்ஷிப்," என்றார். மைக் அண்ணன் அடக்கமாகச் சிரித்தார். அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார். சீனி அளவாக இருந்தது.

மழை விடுவதற்குள் தாளை முடித்துவிட வேண்டும் என்று முழங்காலில் வைத்து மிச்சத்தை நிரப்பினேன். தேதி, நேரம், கவனித்தவர் பெயர், பதவி. அடியில் வேறு குறிப்புகள். தியாடா. கையெழுத்து.

அடுத்த வாரம் மைக் அண்ணன் மண்டோர் ஆனார் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டியதும் நான்தான், பசை தடவி.

எனக்குப் பொறுக்கவில்லை. மேனேஜரின் அறைக்குப் போய்ப் படபடவென்று கொட்டினேன். எட்டு மாதமாகக் கேங்கை நடத்துவது அந்த அக்காதான் என்றேன். போத்தலைப் பற்றிச் சொன்னேன், கூடாரம் எப்படி அந்த இடத்துக்குப் போனது என்று சொன்னேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு கோப்பைத் திறந்து என் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஆன்ட்டி, டேட்டா இப்படிச் சொல்லுது. நாற்பத்தொண்ணு, ரெண்டு. நீங்க இப்ப சொல்றத அப்பவே எழுதியிருந்தா நான் பாத்திருப்பேனே? அதுக்குத்தான் கடைசில இடம் விட்டிருக்கு." விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இது உங்க எழுத்துதான?"

என் எழுத்துதான். என்ன அழகான எழுத்து! வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது. இப்போது மாற்றினால் கோலாலம்பூருக்கு விளக்கம் எழுத வேண்டும், மைக் அண்ணன் தொழிற்சங்கத்துக்குப் போவார், வேண்டாமே ஆன்ட்டி என்றார். நான் மேசைக்குத் திரும்பி வந்து வேறொரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மைக் அண்ணன் மண்டோராகி முதல் நாள் காலையில் கால் மணி நேரம் பேசினார். ஒற்றுமை, ஒழுங்கு, இலக்கு. கேங் மரியாதையாகக் கேட்டது. பேச்சு நடக்கும்போதே அக்கா போத்தலோடு காட்டுக்குள் போய்விட்டார். பேச்சு முடிந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் நடந்தார்கள், புது மண்டோரும்தான். இரண்டே வாரத்தில் அவரே காலையில் என்னிடம், "கிராணியம்மா, போத்தலு எந்தப் பக்கம் போச்சு, பாத்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் எரிச்சலில், "மண்டோர் நீங்களா நானா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே போய்த் தேடினார். அந்த மாதக் குலைக் கணக்கு நன்றாக இருந்ததால் பயிற்சி வெற்றி என்று மேனேஜர் அறிக்கை அனுப்பினார். தட்டச்சு செய்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருடம் முடிந்தது. கணவர் டிராக்டர் சாவியைக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுச் சாவியைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். வெளியே லோரியில் கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் ஏற்றிக் கட்டியிருந்தது. கணவர் முன்னால் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலை எதற்கு எடுத்துப் போகிறார்கள், அந்த வீட்டில் எங்கே போடுவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. கேட்கவில்லை.

நான் சுவரோரம் அலமாரியிலிருந்து வீடு ஒப்படைப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கையிலிருந்த ஆரஞ்சுப் போத்தலை என் நீள மேசையின் ஜன்னல் பக்கத்து முனையில் வைத்தார். நான் வழக்கமாக எழுதுவது மறுமுனையில். படிவத்தோடு போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தேன்.

எழுத ஆரம்பித்தேன். விளக்கு நாலு, எரிகிறது. குழாய் இரண்டு, ஒழுகவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுசு. கதவுத் தாழ்ப்பாள் சரி. முதல் நாள் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வீட்டைக் கழுவித் துடைத்து விட்டிருந்தார்கள், அடுப்படிச் சுவரில் கரி கூட இல்லை. காலி செய்யச் சொன்னவர்களுக்கு எதற்கு இவ்வளவு சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

கடைசிக் கோட்டுக்கு வந்தேன். கை தானாகத் "தியா" வரை எழுதிவிட்டது. அங்கே நின்றது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக நின்றது.

அக்கா எட்டிப் பார்த்தார். "அது என்னா எடம் கிராணியம்மா? நிறுத்திட்டீங்க?"

"வேற ஏதாச்சும் சொல்லணும்னா இதுல எழுதலாம்கா. மேல இருக்கிற கட்டத்துல அடங்காதது."

அவர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பந்துத் தெடல்ல எழுதுனீங்களே. அந்தத் தாள்லயும் இது இருந்துச்சா?"

பொய் சொல்ல மாட்டேன் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

"இருந்துச்சுக்கா," என்றேன்.

அக்கா நிமிர்ந்தார். சாவியை மேசையில் வைத்தார். போத்தலை எடுத்துக்கொண்டார். "எழுதி முடிங்க கிராணியம்மா. லோரி நிக்கிது," என்றார்.

பாதியில் நின்றிருந்த சொல்லை எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டார். வீட்டில் குறை ஒன்றும் இல்லை.